முன் ஷாக்கில் ஆயில் கசிந்தால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இருசக்கர வாகனப் பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். டயர், செயின், பேட்டரி எல்லாம் இருந்தது. முன் ஷாக்கில் ஆயில் கசிவது பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. வயல்காட்டில் வண்டி ஓட்டும் எங்களுக்கு அதுதான் முதல் தொல்லை.

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை நேரத்தில் வந்து பாருங்கள். பெல்ட் வைத்த அறுவடை இயந்திரம் வயலை விட்டு ஏறும்போது பாதிச் சேற்றைத் தார்ச்சாலையில் கொட்டிவிட்டுத்தான் போகும். அந்தக் களிமண் தெறித்து ஃபோர்க் பைப்பில், அதாவது முன் ஷாக்கின் பளபளப்பான குழாயில், ஒட்டிக் காய்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஷாக் அமுங்கும்போது அது தூசியைத் தடுக்கும் மேல் ரப்பரான டஸ்ட் சீலைத் தாண்டி உள்ளே இறங்கும். அதற்குக் கீழே உள்ள ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதடு பைப்பை இறுக்கிப் பிடித்திருக்கிற வரைதான் ஆயில் உள்ளே நிற்கும். இடையில் ஒரு மணல் சிக்கினால் போதும், கசிய ஆரம்பித்துவிடும்.

என் ஸ்ப்ளெண்டரில் போன தை மாதம் இடது பக்கம் கசிந்தது. பட்டறையில் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘இரண்டு பக்கமும் சீல் மாற்றணும்’ என்றார்கள். சரி, முதலில் நாமே பார்ப்போம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பைப்பைத் துணியால் துடைத்து, திருப்புளி நுனியில் டேப் சுற்றி, டஸ்ட் சீலை மெல்ல நெம்பி மேலே தள்ளினேன். என் மனைவியின் பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஓரத்தில் சின்னக் கொக்கி போல் நறுக்கிக்கொண்டேன். பைப்புக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே அதைச் செருகிச் சுற்றிலும் இழுத்தால், மை போலக் கறுப்பாக வந்தது. இரண்டு மூன்று சுற்று. பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைப் பத்துத் தடவை அமுக்கி, துடைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பைப் காய்ந்து கிடந்தது. செலவு ஒரு பைசா இல்லை.

வலது பக்கம் கசிந்தபோது அப்படி மசியவில்லை. புது சீல் போட்டும் பத்தே நாளில் மறுபடி ஈரம். காரணம் பைப்பில் இருந்த துருப்புள்ளி. நகத்தால் தடவிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அடுத்த சீலைப் போடும் முன் 1000 நம்பர் தண்ணீர்த் தாளில் (நைசான உப்புத்தாள்) ஆயில் தொட்டு அந்த விளிம்பை மழுக்கினேன், நின்றது. பள்ளம் ஆழமாக இருந்தால் பைப்பையே மாற்ற வேண்டியதுதான். வீட்டில் பிரிப்பவர்கள் கவனிக்க: ஷாக்கின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டை (தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட்), மேல் மூடியைக் கழற்றும் முன்பே தளர்த்திவிடுங்கள். ஸ்பிரிங் அழுத்தம் போய்விட்டால் உள்ளே இருக்கும் ராடும் சேர்ந்து சுற்றும், நாள் முழுக்க மல்லுக்கட்டலாம். வடித்த ஆயிலை அளந்து அதே அளவு ஊற்றாதீர்கள். அதுதான் கசிந்து குறைந்துவிட்டதே! கையேட்டில் உள்ள அளவை இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஊற்ற வேண்டும்.

கொஞ்சம்தானே கசிகிறது என்று சிலர் துணி சுற்றி ஓட்டுகிறார்கள். டிஸ்க் பிரேக் வண்டியில் அது விபரீதம். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு ஆயில் வழிந்து பிரேக் பேடில் ஊறி, வாய்க்கால் பாலத்தில் பிரேக் பிடிக்காமல் கைப்பிடிச் சுவரில் போய் நின்றான். ஆயில் ஊறிய பேடைத் துடைத்துப் போட்டுப் பயனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். இதை அடுத்த முறை உங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இன்னொன்று. போன மாதம் முட்டிவலிக்குப் போனபோது டாக்டர் பழைய எக்ஸ்ரேயைக் கேட்டார். என் மனைவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஓரத்தில்தான் வெட்டியிருந்தேன், முட்டி முழுசாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பால் சங்க ஊழியர்,
மன்னார்குடி வட்டம்