விடுதி மாணவர்களின் வாக்கு: கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கு, வணக்கம்.

61ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்து, வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆக்கியது. ஆனால் வயது நிரம்பினால் மட்டும் போதாது. வாக்காளர் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இங்கேதான் விடுபட்டுப் போகிறார்கள். அதைச் சரிசெய்ய உங்களால் முடியும்.

முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள், அதாவது 18 வயது நிரம்பியதா என்று கணக்கிடும் நாள். ஜனவரி 2இல் 18 முடித்தவர் கிட்டத்தட்ட ஓராண்டு காத்திருந்தார். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதி என நான்கு தகுதி நாட்கள். 17 முடிந்தாலே, புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பமான படிவம் 6ஐ முன்கூட்டிக் கொடுக்கலாம். முதலாண்டில் சேரும் பலருக்கும் இந்த வயதுதான் என்பதால், சேர்க்கை வாரமே பதிவு முகாமுக்கு ஏற்ற நேரம். தேர்தல் அறிவித்த பிறகு முகாம் போட்டால் தாமதமாகிவிடும். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. அதற்குள் ஆட்சேபம், விசாரணைக்கும் நாள் வேண்டும்.

சொந்த ஊரா, விடுதியா என்பதை மாணவரே முடிவு செய்யட்டும். ஊரில் பெயர் இருந்தால் வாக்குப்பதிவு நாளில் நேரில் போயாக வேண்டும். மாணவர்களுக்குத் தபால் வாக்கு கிடையாது. தேர்வு அட்டவணை போடும்போது தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள். விடுதி முகவரியைத் தேர்ந்தால், படிவம் 6உடன் உங்கள் கையொப்பமிட்ட போனஃபைடு சான்றிதழ் தேவை. ‘இங்கு படிக்கிறார்’ என்ற ஒற்றை வரி குடியிருப்புக்கு ஆதாரமாகாது. படிப்பு, அதன் கால அளவு, விடுதி முகவரி மூன்றும் அதில் இருக்க வேண்டும். விடுதிக் காப்பாளரிடம் கையெழுத்திட்ட சான்றுகள் தயாராக இருந்தால் பிள்ளைகள் அலுவலகத்துக்கும் துறைக்கும் அலைய வேண்டாம்.

பெயரும் இனிஷியலும் 10ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பது அடிக்கடி வரும் சிக்கல். விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆசிரியரை நியமியுங்கள்.

ஊரில் ஏற்கெனவே பெயர் உள்ளவர் மீண்டும் படிவம் 6 கொடுக்கக் கூடாது. வேறெங்கும் பெயர் இல்லை என்று அதில் உறுதி கூறுகிறோம். தெரிந்தே பொய்யாக உறுதி கூறினால் ஓராண்டு வரை சிறை. ஏற்கெனவே பெயர் உள்ளவர்களுக்குரியது இடமாற்றத்துக்கான படிவம் 8. படிப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வருபவர்களுக்கும் அதே படிவத்தைச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாக்காளர் பதிவுத் தன்னார்வலர்கள்