வாக்கி டாக்கி கேட்டு வரும் நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அண்ணாச்சி, அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

சமீபத்தில் கடைக்கு வந்து வாக்கி டாக்கி கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் நாங்கள் வெறுங்கையோடுதான் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அலமாரியில் செட் இருக்கிறது, கையில் பணம் இருக்கிறது, அப்புறம் ஏன் தரமாட்டேன் என்கிறீர்கள் என்று அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டே போனார். அன்றைக்குக் கூட்டத்தில் அவருக்குப் பொறுமையாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எல்லாருக்குமாக எழுதுகிறோம்.

உங்களுக்கு இது எதற்கு என்று எங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. கரண்ட் போய், செல்போனும் போய், ஏரலில் இருக்கும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று தெரியாமல் பாளையங்கோட்டையில் தூங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் நம் வாடிக்கையாளர்களிலேயே உண்டு. அந்தப் பயத்தோடு வந்து கேட்கிறவரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துக் காசு வாங்குவது எங்களுக்குச் சுலபம். ஆனால் அடுத்த வெள்ளத்தில் அந்தப் பெட்டி அவருக்கு உதவாது. அதோடு சட்டச் சிக்கலும் அவர் தலையில்தான் விழும்.

முதலில் சட்டம். வயர்லெஸ் செட்டை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம், 1933-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். விதிவிலக்கு உண்டு: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்குள் மட்டும் வேலை செய்கிற, அரசின் வகை ஒப்புதல் பெற்ற, குறைந்த திறன் செட்டுகளுக்கு உரிமம் வேண்டாம். கல்யாண மண்டபத்துக்கும் வாழைத்தோட்டத்துக்கும் அதுவே போதும், அதைக் கேட்டால் இன்றைக்கே தருகிறோம். ஆன்லைனில் இந்த விவரம் எதுவும் போடாமல் கண்டதையும் விற்றதால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெட்டியில் 50 கிலோமீட்டர் என்று அச்சடித்திருந்ததை நம்பி வாங்கிய ஒருவர் எங்களிடம் ரிப்பேருக்குக் கொண்டுவந்தார், செட்டில் கோளாறே இல்லை. தோப்பைத் தாண்டி அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் மகன் பரீட்சை எதுவும் எழுதாமல் லைசென்ஸ் வாங்கி, ரிப்பீட்டர் (நம் குரலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் பெட்டி) வழியாக வீட்டாரோடு பேசுகிறானே என்று. உண்மைதான். அங்கே ஜிஎம்ஆர்எஸ் என்று ஒன்று இருக்கிறது, 35 டாலர் கட்டினால் 10 வருஷத்துக்கு நெருங்கிய குடும்பத்தார் எல்லாருக்கும் சேர்த்து உரிமம், 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. அது அந்த நாட்டு ஏற்பாடு. மகன் லீவுக்கு வரும்போது அந்த செட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள், இங்கே அந்த அலைவரிசை வேறு ஆட்களுடையது.

இங்கே தனி மனிதர் ரிப்பீட்டரில் பேசுவதற்கு இருக்கிற நேர் வழி அமெச்சூர் ரேடியோ, ஹாம் என்று சொல்கிறோமே, அதுதான். 12 வயது நிரம்பியிருந்தால் யாரும் எழுதலாம். தொலைத்தொடர்புத் துறை நடத்துகிற தேர்வு, சரள் சஞ்சார் என்கிற அவர்களுடைய இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு கிரேடு. ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ், அதாவது புள்ளியும் கோடுமான தந்தி மொழி, தட்டத் தெரிய வேண்டியதில்லை. கொஞ்சம் மின்னியல், கொஞ்சம் விதிமுறை, பத்தாம் வகுப்பு இயற்பியலைத் தூசி தட்டினால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். பாஸானால் அந்த கிரேடுக்கு வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி, அதாவது ரேடியோவில் உங்கள் பெயர், கிடைக்கும். பல வருஷமாக 20 ஆண்டு உரிமத்துக்கு 1000 ரூபாய், வாழ்நாள் உரிமத்துக்கு 2000 ரூபாய் என்று வாங்கி வந்தார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் அன்றைக்குத் தளத்தில் என்ன தொகை இருக்கிறதோ அதைக் கட்டுங்கள். பரீட்சை என்றதும் பின்வாங்காதீர்கள், எங்களிடம் பேட்டரி வாங்க வந்த ஒரு அக்கா மகளோடு சேர்ந்து படித்து இரண்டு பேருமே வாங்கிவிட்டார்கள்.

சரி, ரிப்பீட்டருக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் செட்டில் எத்தனை வாட் என்று யாரும் கேட்கமாட்டீர்கள்.

இந்த செட்டுகளின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். தரையில் நிற்கிற ஆளின் கையில் இருக்கும் செட்டுக்கு வானம் மண்ணைத் தொடுவது சுமார் 5 கிலோமீட்டரில், நடுவில் வீடும் பனையும் இருந்தால் அதுவும் கிடையாது. மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும், இதுதான் கணக்கு. 10 மீட்டர் மொட்டை மாடிக்கு 13 கிலோமீட்டர். 200 மீட்டர் பொத்தை, அதாவது சின்னக் குன்று, ஒன்றின் உச்சிக்கு 58. மலையில் 900 மீட்டர் ஏறிவிட்டால் 120-க்கு மேல். வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆனால் உங்களுக்கும் எனக்கும் ஆளுக்கொரு பொத்தை கிடையாது. அதனால்தான் உயரத்தில் ஒரு பெட்டியை வைத்து எல்லாரும் பங்குபோட்டுக்கொள்கிறோம். அது ஒரு அலைவரிசையில் நம் குரலைக் கேட்டு, அதே நொடியில் இன்னொன்றில் திருப்பிச் சொல்லும். 2 மீட்டர் பட்டையில், அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை, இரண்டுக்கும் வழக்கமான இடைவெளி 600 கிலோஹெர்ட்ஸ். ரிப்பீட்டர் 145.700-இல் பேசுகிறது என்றால் உங்கள் செட் 145.100-இல் பேச வேண்டும். உதாரணத்துக்குச் சொன்ன எண் இது, உண்மையானதை நேரில் தருகிறோம்.

போன வருஷம் பாளையில் ஒரு கல்லூரித் தம்பி உரிமம் கையில் வந்த அன்றே செட்டை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினான். மூன்று சாயங்காலம். எல்லார் பேசுவதும் தெளிவாகக் கேட்கிறது, இவன் கூப்பிட்டால் ஒரு ஆளும் திரும்பிப் பார்க்கவில்லை. புது ஆள் என்று ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து வாடிப்போய் வந்தான். செட்டை வாங்கிப் பார்த்தோம். எண் சரி, 600 கழித்தல் சரி, டோன் மட்டும் போடவில்லை. நம் காதுக்கு எட்டாத மாதிரி அடியில் ஓடுகிற ஒரு மெல்லிய முனகல் அது, 88.5 ஹெர்ட்ஸ் மாதிரி ஒரு எண். அது கூட வந்தால்தான் ரிப்பீட்டர் கதவைத் திறக்கும், கண்ட இரைச்சலுக்கும் திறக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. மெனுவில் எண்ணைப் போட்டு, கடை வாசலில் நின்று பொத்தானை அழுத்தி அழைப்புக்குறியைச் சொன்னான். விட்டதும் மேலேயிருந்து ஒரு சின்ன பீப். அரை நிமிஷத்தில் ஒரு தாத்தாவின் குரல், “வாங்க தம்பி, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம்.” அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பங்கு என்று சொன்னோமே, அதற்கு மடைமுறை மாதிரி ஒரு ஒழுங்கு உண்டு. நம் முறை வரும்வரை வாய்க்காலில் கை வைக்கக் கூடாது. முதலில் கேளுங்கள். ஒருவர் முடித்து பீப் வந்த பிறகு இரண்டு விநாடி சும்மா இருங்கள், அந்த இடைவெளியில்தான் அவசரத்தில் இருப்பவன் நுழைய முடியும். பெரும்பாலான ரிப்பீட்டர்களில் நேரக் கட்டுப்பாடு இருக்கிறது, நிறுத்தாமல் பேசினால் அதுவே வாயை மூடிவிடும். பெயர் சொல்லாமல் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள். நெல் ரேட்டு, லாரி எங்கே வருகிறது, இந்தப் பேச்சு அமெச்சூரில் கூடாது, வியாபாரத்துக்குத் தனி உரிமமும் தனி அலைவரிசையும் இருக்கின்றன. இன்னொன்று, இந்த செட்டுகளில் பல, பட்டைக்கு வெளியேயும் பேசும். பேசுகிறதே என்று பேசிவிடாதீர்கள், அங்கே போலீஸும் ஆம்புலன்ஸும் இருக்கலாம்.

இதெல்லாம் வெள்ளத்துக்கு உதவுமா? 2004 டிசம்பர் 26 சுனாமியன்று அந்தமானில் தொலைபேசி அறுந்துபோனபோது, அங்கே ஏற்கெனவே செட்டோடு போயிருந்த ஹாம் பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பினார், காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில் தேடித் தந்தார். அவரால் முடிந்ததற்குக் காரணம் செட் அல்ல, தினமும் பேசிப் பழகிய கை. வாங்கிப் பரணில் வைத்த செட் மழை நாளில் சார்ஜ் இல்லாமல்தான் கிடக்கும். வாரத்துக்கு இரண்டு நாளாவது பேசுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது அதற்குத்தான். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் இடி தொடங்கும் முன்பே வெளி ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

உரிமம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கடையில் எங்கள் செட் ஓடிக்கொண்டிருக்கும், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேளுங்கள், டீ எங்கள் செலவு. விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும் நாள் தெரிந்தால் சொல்லியனுப்புகிறோம், அதிலும் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது, 400 கிலோமீட்டர் உயரத்து பொத்தை. அதன் குரல் 437.800 மெகாஹெர்ட்ஸில் இறங்கும், பத்து நிமிஷத்துக்குள் கடந்து போய்விடும்.

அம்பாசமுத்திரத்துப் பெரியவர் இதைப் படித்தால் மறுபடியும் வர வேண்டும், அவர் கேட்ட செட்டை எடுத்து வைத்திருக்கிறோம். உரிமத்தின் நகல் ஒன்றும் அடையாள அட்டையும் போதும். எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள், வீட்டில் கிழிந்த பெரிய குடை இருந்தால் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை சுமார் 50 சென்டிமீட்டர், குடைக்கம்பி அந்த அளவுக்கு வெட்ட வாகாக இருக்கும். நாலு கம்பியை நட்டு போட்டு முடுக்கிக் கீழே சாய்த்து, நடுவில் ஒன்றை நிமிர்த்தி நிறுத்தினால் மாடிக்கு ஒரு ஆன்டெனா ஆயிற்று, கனெக்டருக்கு மட்டும் காசு கொடுங்கள்.