பெல்ட் இல்லாத ஊர்

நரிடா, ஜப்பான்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். குளிர் தொடங்கிவிட்டது. அறையில் ஹீட்டர் இருக்கிறது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். கார்கோ கிடங்கில் இந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். இங்கத்து அரிசி குழைந்து ஒட்டிக்கொள்ளும், ரசம் ஊற்றிக்கொண்டால் பரவாயில்லை.

"ஜப்பானுக்கே போய்விட்டாய், கராத்தேயில் என்ன பெல்ட்?" என்று போனில் கேட்டாயே, அதை இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன். கிடங்கில் கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் வாள் பயிற்சி நடக்கும் ஒரு கூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். கத்தோரி ஷிந்தோ-ரியூ என்று பெயர். இங்கிருந்து ரயிலில் போனால் கத்தோரி கோயில் வரும். அந்த வட்டாரத்தில் 15-ஆம் நூற்றாண்டில் ஈஸாஸா இயெனாவோ என்ற வீரர் தொடங்கிய மரபு இது. கோயிலில் ஆயிரம் நாள் விரதம் இருந்தார், தெய்வமே ஏட்டுச் சுருளைக் கையில் கொடுத்தது என்று கதை சொல்வார்கள். கதையை விடு, அவருடைய சமாதி கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

சேர வேண்டுமென்றால் விரலைக் குத்தி, உறுதிமொழித் தாளில் ரத்தத்தால் முத்திரை வைக்க வேண்டும். சூதாடக் கூடாது, தேர்ச்சி பெறும்வரை வேறு மரபுக்காரர்களோடு மோதக் கூடாது, கற்றதைச் சொந்தக்காரர்களிடம்கூடக் காட்டக் கூடாது. நான் இன்னும் சேரவில்லை. சேர்ந்துவிட்டால் உன்னிடம் வாய் திறக்க முடியாதே, அதனால் பார்த்ததை இப்போதே எழுதிவிடுகிறேன்.

இரண்டு பேர் மர வாளோடு எதிரெதிரே நிற்பார்கள். சண்டை கிடையாது. யார் எப்போது வெட்டுவது, யார் தடுப்பது என்று எல்லாம் முன்பே வகுத்த வரிசை. அதைத்தான் கத்தா என்கிறார்கள், உங்கள் கிளாஸில் சொல்லும் அதே கத்தா. இங்கே அதை இருவராகச் செய்கிறார்கள். கவசம் போட்டவனோடு போரிட வகுத்தவை என்பதால் ஒவ்வொன்றும் நீளம், பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும். வாளும் வாளும் மோதுவது போலத்தான் தெரியும். உண்மையான குறி கவசம் மூடாத இடங்கள்: மணிக்கட்டு, அக்குள், கழுத்து. வெளியாள் பார்த்தால் பிடிபடக் கூடாது என்றே அப்படி மறைத்து வைத்திருக்கிறார்களாம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: வெட்டு வாங்கும் பக்கம் நிற்பவர் எப்போதும் மூத்தவர். நேற்று வந்த பையன் வெட்ட, தலை நரைத்த குரு தோற்றுக்கொண்டே இருக்கிறார். எந்த வேகத்தில் எந்த இடைவெளியைத் திறந்துவிட வேண்டும் என்று அவருக்குத்தானே தெரியும். ஊர் கிளாஸில் மாஸ்டர் தோற்று நான் பார்த்ததில்லை, கோபித்துக்கொள்ளாதே!

அப்புறம் பெல்ட். பழைய மரபுகளில் நிறம் கிடையாது. படிப்படியாக ஏட்டுச் சுருளும் உரிமமும்தான், கடைசி உரிமம் கைக்கு வரப் பல வருடம் ஆகும். நீ கட்டியிருக்கும் கருப்பு பெல்ட்டின் வழி வேறு. ஜிகோரோ கானோ ஜுஜுட்ஸு என்ற மல்லுக்கட்டுக் கலையின் இரண்டு பழைய மரபுகளைக் கற்று, 1882-இல் டோக்கியோவில் ஒரு கோயிலில் ஜூடோவைத் தொடங்கினார். டான் என்று கருப்பு பெல்ட்டுக்குள் எண்ணுகிறீர்களே, அந்தப் படிநிலையைச் சண்டைக் கலைக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒகினாவாவிலிருந்து 1922-இல் டோக்கியோ வந்து கராத்தேயைச் செய்து காட்டிய கிச்சின் ஃபுனாகோஷி, அதே முறையைக் கராத்தேக்கும் எடுத்துக்கொண்டார். ஆக, கராத்தே பெல்ட்டுக்குத் தாய்வீடு ஜூடோ. உன் மாணவர்களிடம் சொல், பாதிப் பேர் நம்பமாட்டார்கள்.

சாமுராய்கள் காலம் முடிந்ததும் இந்த வாள் மரபுக்காரர்கள் பட்ட பாடு பெரிது. 1873-இல் சகாகிபாரா கென்கிச்சி என்ற வாள் வீரர் டோக்கியோ அசகுசாவில் டிக்கெட் போட்டுச் சண்டைக் காட்சி நடத்தினார். நாட்டை ஆண்ட ஷோகுன் என்ற தளபதியின் பயிற்சிக்கூடத்தில் கற்பித்தவர் அவர்! கேவலம் என்று அப்போதே சிலர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, வேலை போன வாள்காரர்களுக்குச் சோறு போட்டாரே. மூன்றே வருடத்தில், 1876-இல், பொது இடத்தில் வாள் அணிவதற்கே அரசு தடை போட்டது. 1945-க்குப் பிறகு அமெரிக்க ஆக்கிரமிப்பிலும் பள்ளிகளில் இந்தக் கலைகளை நிறுத்தினார்கள். எத்தனையோ மரபுகள் வாரிசில்லாமல் போயின. கத்தோரி மரபு பிழைத்து, 1960-இல் சிபா மாகாணம் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. எல்லாவற்றையும் ஏட்டில் எழுதிவைத்ததால் பிழைத்தது என்று சொல்லலாம். சுருளைப் படித்து மணிக்கட்டு திரும்பாது, அன்று தோற்றுக்காட்ட ஒரு கிழவர் மிச்சம் இருந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

பிப்ரவரியில் டோக்கியோவில் நிப்பான் புடோகான் என்ற பெரிய அரங்கில் பல மரபுக்காரர்களும் வந்து செய்து காட்டுவார்களாம். லீவு கேட்டிருக்கிறேன். பணம் ஐந்தாம் தேதி போட்டுவிட்டேன், வந்துவிட்டதா என்று பார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்னபடி ஓய்வு எடு, பையன்களை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
தம்பி