தரம் 7இல் சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் ஊர்க் குளிர் பிள்ளைகளின் உடம்பை யார் கண்ணிலும் காட்டாது. சட்டை, அதன்மேல் சுவெட்டர். நெஞ்செலும்பு உள்ளே குழிந்த பையன்களை நான் அடையாளம் கண்டது அவர்கள் தோளைக் குறுக்கி நடந்ததை வைத்துத்தான். மற்றவர்கள் பீலியில் கும்மாளம் போட்டுக் குளிக்கும்போது இவர்கள் வரமாட்டார்கள். ஆளில்லாத நேரம் பார்த்துப் போவார்கள்.

பெற்றோரிடம் சொன்னால், "வளர வளரச் சரியாகிவிடும் சேர்" என்பார்கள். சரியாகாது. பையன் மளமளவென்று உயரும் பருவத்தில்தான் பெரும்பாலும் குழி ஆழமாகிறது. அதற்காகக் கைக்குழந்தையிலேயே முடித்துவிடலாம் என்பதும் பிசகு. மிகச் சிறு வயதில் விலாக் குருத்தெலும்புகளை வெட்டியெடுத்த பழைய சத்திரசிகிச்சைக்குப் பின், சில பிள்ளைகளின் நெஞ்சுக்கூடு வளராமல் நின்று மூச்சுக்கே இடமில்லாமல் போனது 1990களில் தெரியவந்தது.

1987இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் டொனால்ட் நஸ் தொடங்கிய முறையில் குருத்தெலும்பை வெட்டுவதில்லை. வளைந்த உலோகப் பட்டையை நெஞ்செலும்புக்கு அடியில் செலுத்தித் திருப்பி, எலும்பை முன்னே தள்ளுகிறார்கள். பட்டை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உள்ளே இருக்கும். நெஞ்சு இன்னும் வளைந்துகொடுக்கும் 12 முதல் 16 வயதுவரை இதற்குத் தோதான காலம் என்பதே பல நிபுணர்களின் கருத்து. வளர்ந்தவர்களுக்கும் செய்கிறார்கள், இறுகிய நெஞ்சில் வலியும் சிரமமும் அதிகம்.

குழி உள்ள எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. சீ.ரி. ஸ்கேனில் நெஞ்சின் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுக்கிறார்கள். 3.25க்கு மேல் வந்தால் கடுமை என்று கொள்கிறார்கள். இதயம், நுரையீரல் சோதனைகளையும் பார்த்தே முடிவெடுப்பார்கள்.

ஆனால் மலையகத்தில் வயதுக் கணக்கு எலும்போடு முடிவதில்லை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு எங்கள் பையன்களில் எத்தனையோ பேர் கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே மூட்டை தூக்க வேண்டும். பட்டை வைத்த முதல் மாதங்களில் பாரம் தூக்கவே கூடாது. கிளினிக்குக்கு லீவு கொடுக்கிற முதலாளியை நான் கண்டதில்லை. பிறகு பட்டையை எடுக்க யார் அழைத்துப் போவது? தரம் 8இல் வைத்தால், பையன் வீட்டுச் சோற்றில் இருக்கும்போதே பெரும்பகுதிக் காலம் கழிந்துவிடும். எந்த வைத்திய நூலும் இதை எழுதாது.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 7இலும் நடக்கிறது, சரியாகப் பன்னிரண்டு வயதில். உயரம், நிறை, பல், கண் எல்லாம் பார்க்கிறார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைத் திரைக்குப் பின்னால் செய்யுங்கள். முழு வகுப்பின் முன்னால் கழற்றச் சொன்னால் அன்று அந்தப் பையன் பாடசாலைக்கே வரமாட்டான். பெண் பிள்ளைகளுக்கும் இது வரும், குறைவாக. அவர்களைப் பெண் வைத்தியர் பார்க்கட்டும். சந்தேகம் என்றால் உடனே கடிதம் கொடுத்துக் கண்டியிலுள்ள நெஞ்சறைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்புங்கள்.

தோட்ட நிர்வாகங்களிடமும் ஒரு கேள்வி. அப்படிப் பிள்ளையோடு கண்டிக்குப் போகும் தாய்க்கு அன்றைய பேரைப் போட்டு, அந்த நாளையும் சம்பள நாளாகக் கொடுத்தால் கம்பனி முழுகிவிடுமா?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மஸ்கெலியா.