நன்றிக்காக மறுபடியும் அவருக்கே கொடுப்பதா?

அன்புள்ள புஷ்பா,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. உடனே எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இங்கே தலவாக்கலையில் விடாத மழை, அண்ணன் வீட்டுப் பின்பக்கம் மண் சரிந்து அதை அள்ளிக் கொட்டுவதிலேயே நாட்கள் போயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கோழிக்கூடுதான் போனது. உன் முழங்கால் இப்போது எப்படி? பனி நேரத்தில் தனியாக வெளியே போகாதே என்று போன முறையும் எழுதினேன், கேட்டாயா தெரியவில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்காவில் பைடனை அவர் கட்சி ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம் முறை நிறுத்தப் போனது தப்பா, பாதியில் மாற்றியது தப்பா என்று கேட்டிருந்தாய். கனடாவில் இருக்கிற உனக்கு அது அடுத்த வீட்டுச் சண்டை. எனக்கு இப்போது சொந்த வீட்டுப் பேச்சே அதுதான் புஷ்பா. அண்ணன் மகன் கட்சியின் இளைஞர் அணியில் இருக்கிறான் இல்லையா, எங்கள் பக்கத்திலிருந்து பிரதேச சபைக்குப் பல வருடமாக ஒருவரே போய்வருகிறார், அடுத்த முறையும் அவருக்கே இடம் கொடுப்பதா என்று கமிட்டிக்குள் பேச்சு கிளம்பியிருக்கிறது. எந்தக் கட்சி, யார் என்பதை எழுத வேண்டாம் என்று விடுகிறேன். லய வரிசை வீடுகளில் அவருக்கு இப்போது நல்ல பேர் இல்லை. காற்றில் தகரம் பறந்த வீடுகளை ஒன்பது நாள் கழித்துத்தான் வந்து பார்த்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டும் பட்டியலில் யார் பேர் ஏறியது, யார் பேர் விடுபட்டது என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒவ்வொரு நாளும் குமுறல். ஆனால் கமிட்டியில் உள்ள பெரியவர்கள், கொரோனா நேரத்தில் வீடு வீடாக அரிசி சுமந்து வந்தவரை மறக்கலாமா என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மை, அந்த அரிசியில் நாங்களும் சோறாக்கினோம். "என்ன அத்தை செய்றது" என்று பொடியன் என்னைக் கேட்கிறான்.

கொடுக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். நன்றி நடந்து முடிந்ததற்கு. வேட்புமனு இனி வரப்போகிற நான்கு வருடத்துக்கு. முதலாவதை நாம் நம் கையால் தீர்க்க வேண்டும், இரண்டாவதை வைத்து அதை அடைக்கப் போனால் அந்த நான்கு வருடத்தையும் சுமப்பது தகரம் பறந்த வீட்டுக்காரிதான்.

இதை நான் அப்பாவிடம் படித்தேன். நீ 1990இல் போய்விட்டாய், அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. அப்பா பதினாறு வருடம் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். 1984 வேலைநிறுத்தத்தில், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் முன்னால் நின்றவர். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்த வருடம் அது, உன் அம்மா அப்பாவுக்குப் பலகாரம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போன பிறகுதான் எல்லாம் மாறியது. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து கிலோவைக் கூட்டினார்கள், குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். மடுவத்தில் நிறுவை போடும்போது பெண்கள் அழுதுகொண்டே கேட்டார்கள். அப்பா தோட்டத் துரையோடு பேசினார், பேசிப் பேசிப் பார்த்தார், பழைய கோபம் அவரிடம் இல்லாமல் போயிருந்தது. உடம்பும் தளர்ந்துவிட்டது. அடுத்த தெரிவு வந்தபோது, "தலைவரே, நீங்கதான் இருக்கணும்" என்று சுற்றி இருந்த நாலைந்து பேர் சொன்னார்கள், அவரும் நின்றார், அவரை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை. அதையே ஆதரவு என்று நம்பினார் அப்பா. அடுத்த மூன்று மாதத்துக்குள் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் வேறு சங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டு, சந்தாவை மாற்றிக்கொண்டார்கள். ஒருத்தி கூட அவரைத் திட்டவில்லை. வழியில் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்கள். அதன் பிறகு அப்பா கோயில் திருவிழாவுக்குக்கூட முன்வரிசைக்கு வரவில்லை.

எனக்கு முன்னாடியே தெரியும் புஷ்பா. பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார் என்னிடமே வந்து சொன்னார்கள், "டீச்சர், ஐயாவை ஓய்வெடுக்கச் சொல்லுங்க" என்று. நான் சொல்லவில்லை. அவர் மனம் நோகும் என்று பயந்தேன், கடைசியில் அதைவிடப் பத்து மடங்கு நோகும்படி ஆனது. பைடன் விஷயத்தைப் படிக்கும்போதெல்லாம் அப்பாதான் நினைவுக்கு வருகிறார்.

அங்கே நடந்ததும் அதேதானே. வேறொருவர் வந்தால் நல்லது என்று சொந்தக் கட்சிக்காரர்களில் பலரே கருத்துக்கணிப்புகளில் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனால் பெரிய தலைகள் யாரும் எதிர்த்து நிற்கவில்லை. மினசோட்டாவிலிருந்து டீன் பிலிப்ஸ் என்ற ஒரு உறுப்பினர் நின்று பார்த்தார், அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. 2024 ஜூன் 27 விவாதத்தில் பைடன் தடுமாறியதை உலகமே பார்த்த பிறகுதான் எல்லாருக்கும் வாய் திறந்தது. ஜூலை 21இல் விலகினார். அவருக்குப் பதிலாக வந்த கமலா ஹாரிஸுக்குத் தேர்தல்வரை 107 நாள். நீ கேட்ட இரண்டில் எது தப்பு என்றால், மாற்றியது தப்பில்லை, ஒரு வருடத்துக்கு முன்னால் முகத்துக்கு நேரே சொல்லாமல் இருந்ததுதான் தப்பு. 1968இல் அதே கட்சி ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மார்ச் 31ஆம் திகதியே நான் நிற்கவில்லை என்று அறிவித்தார், தேர்தலுக்கு ஏழு மாதம் இருந்தது. அப்படியும் அந்தக் கட்சி தோற்றது. உட்கட்சித் தேர்தல் ஒன்றில்கூட நிற்காத துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரியைச் சிகாகோ மாநாட்டில் தெரிவு செய்தார்கள், மண்டபத்துக்கு வெளியே பொலிஸ் இளைஞர்களை அடித்துக்கொண்டிருந்தது. ஆக, பழையவர் விலகினால் மட்டும் போதாது, புதியவரை யாரைக் கேட்டுக் கொண்டுவந்தார்கள் என்பதும் இருக்கிறது.

நம் நாட்டில் இதற்கு அத்தாட்சி வேண்டுமா? ஐக்கிய தேசியக் கட்சியைப் பார். 1994இலிருந்து ரணில் விக்கிரமசிங்கதான் தலைவர். ஜனாதிபதித் தேர்தலில் 1999இல் தோற்றார், 2005இல் தோற்றார். 2005ஐ நான் அவர் தலையில் மட்டும் போடமாட்டேன், வடக்கில் சனம் வாக்களிக்காமல் தடுக்கப்பட்ட தேர்தல் அது, வித்தியாசம் சுமார் ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான். ஆனால் அதற்குப் பிறகும் தலைமையை விடவில்லை, 2010இலும் 2015இலும் ஜனாதிபதி வேட்பாளருக்கு வெளியிலிருந்து ஆள் தேடினார்கள். 2019இல் கட்சியின் துணைத் தலைவர் சஜித் பிரேமதாசவுக்குக் கொடுப்பதா என்று மாதக்கணக்காக இழுத்து, செப்டெம்பர் கடைசியில்தான் சரி என்றார்கள், தேர்தல் நவம்பர் 16இல். கமலாவுக்குக் கிடைத்த நாட்கள்கூட அவருக்குக் கிடைக்கவில்லை! அடுத்த வருடம் கட்சியே உடைந்தது. 2015இல் கூட்டணியாக 106 ஆசனம் எடுத்த யானைச் சின்னக் கட்சி, 2020இல் தேசியப்பட்டியலில் ஒரே ஒரு ஆசனத்தோடு நின்றது.

நம் சனத்தைப் பற்றி மேலே இருப்பவர்களுக்கு ஒரு தப்பான கணக்கு உண்டு, தலைவர் கையைக் காட்டினால் தோட்டம் முழுக்க அங்கே போடும் என்று. 2015 ஜனாதிபதித் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் மகிந்தவுக்கு ஆதரவு, நுவரெலியா மாவட்டம் மைத்திரிக்குப் போட்டது. 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் 1,700 ரூபா நாட்சம்பளம் என்று அறிவித்தார், செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் மாவட்டம் சஜித்துக்குப் போட்டது. என் பக்கத்து வீட்டு அக்கா அந்த 1,700ஐ நம்பி நகை மீட்கக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கடைசியில் வந்தது 1,350, மேலே 350 கொழுந்து கிலோவைப் பொறுத்து. அவள் யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

பெரியவர்களின் மனசும் எனக்குப் புரிகிறது. 1947இல் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள், அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து நம் பாட்டன்மாரின் ஓட்டும் பறிபோனது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாவில் காங்கிரஸ் தலைவர் தொண்டமான் ஐயா மூன்றாவது உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது தாத்தா அழுததை அப்பா சொல்வார். அப்படிப்பட்ட சனத்துக்குத் தலைவர் என்றால் வெறும் வேட்பாளர் இல்லை. கையில் ஒன்றும் இல்லாத காலத்தில் கூட நின்றவரை எப்படி விடுவது? அந்தப் பற்றை நான் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் அவ்வளவு பாடுபட்டுத் திரும்ப வாங்கிய ஓட்டை, ஒருவர் மனம் நோகக் கூடாது என்பதற்காகக் கொடுத்துவிடலாமா?

பொடியனிடம் இன்னொன்றும் சொன்னேன். பேர் கெட்டுவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவரைத் தள்ளாதே. 1948இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் தோற்பார் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், ஒரு பத்திரிகை அவர் தோற்றதாகவே அச்சடித்துவிட்டது, மனுஷன் ரயிலில் ஊர் ஊராகப் போய் வென்றார். சரியான காரியத்தைச் செய்து பேர் கெட்டால் கட்சி அவரோடு நிற்க வேண்டும். இவர் அப்படியா? போனை எடுப்பதில்லை, பட்டியலைக் காட்டுவதில்லை, கேட்டால் கோபம். அப்பாவாவது கேட்பார், கேட்டுவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்.

கமிட்டியில் பதினொரு பேரில் ஒரே ஒரு பெண், அவளும் கூட்டத்தில் தேத்தண்ணி ஊற்றவே எழுந்து போகிறாள். மலையில் கொழுந்து பறிப்பது யார், கட்சி ஊர்வலத்தில் முன்னால் நடப்பது யார்? வேட்பாளர் யார் என்பதை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு தீர்மானிப்பதா? லயத்துக்கு லயம் போய்ப் பெண்களைத் தனியாகக் கேளுங்கள், ஆண்கள் பக்கத்தில் இல்லாமல் கேளுங்கள் என்றேன். இரண்டு லயத்தில் நானே கூடப் போனேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒரு கிழவி, அவர் அரிசி கொண்டுவந்த கதையைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "ஆனா இந்தவாட்டி வேற ஆளப் போடுங்க தாயி" என்றாள். ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னாள் புஷ்பா! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் பொடியனும் அவர் வீட்டுக்கே போகிறோம். கமிட்டி கூடுவதற்கு முன்னால் அவர் காதில் நாங்களே போட வேண்டும், வேறு யாரோ சொல்லித் தெரியக் கூடாது. தேர்தலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. புதிதாக வருகிற ஆளை அவரே கூட்டிக்கொண்டு லயம் லயமாகப் போய் அறிமுகப்படுத்தலாம், அதற்கும் அவரைக் கேட்கப் போகிறேன். கோபப்படுவார், தெரியும். அவர் மனைவி என்னிடம் படித்தவள், அவளுக்கும் சங்கடமாக இருக்கும். இரண்டு நாளாக என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன், சமைக்கும்போதும் அதே யோசனை. அரிசி மூட்டையிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

என்ன நடந்தது என்று திங்கட்கிழமை எழுதுகிறேன். சின்னவளின் கலியாணத்துக்கு ஏப்ரலில் வருவேன் என்றாயே, டிக்கட் போட்டுவிட்டாயா? அண்ணியின் தம்பி அடுத்த மாதம் டொரொண்டோ வருகிறான், அவன் கையில் இரண்டு கிலோ தேயிலைத்தூளும் அம்மா அரைத்த மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் அதற்குள் சொல்.

அன்புடன்,
உன் ராணி