பாஸ்ட் அவுட், பாஸ்ட் அவே

ரங்கூன்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு உன் அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. அடுப்பில் மொஹிங்காவுக்கு வைத்த மீன் குழம்பு அடிப்பிடித்தது, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நீ அழுகையை அடக்கிக்கொண்டு பேசியது எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. போனில் எனக்கு ஒன்றும் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் உன் ராத்திரி டியூட்டியில், நீ பார்த்துக்கொள்கிற அந்தப் பெரியவர் பாத்ரூம் வாசலில் மயங்கிச் சரிந்தார். தலை தரையில் மோதாமல் நீ தாங்கிப் பிடித்தாய், நர்ஸைக் கூப்பிட்டாய். ரிப்போர்ட்டில் மட்டும் 'பாஸ்ட் அவுட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாஸ்ட் அவே' என்று எழுதிவிட்டாய். மயங்கினார் என்பது காலமானார் என்று ஆகிப்போனது. காலையில் வந்தவர்கள் படித்துப் பதறி, எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெரியவர் இன்று உயிரோடு உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார் என்றால் அதற்கு நீதான் காரணம். அதை யாரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாது.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது, உன்னிடம் சொன்னதில்லை. கப்பல் துறையில், ஜெட்டியில், மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காகச் சேர்ந்த புதிது. உளுந்து மூட்டைகள் கப்பலில் ஏறிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மூட்டை ஏறாமல் கரையிலேயே நின்றுவிட்டது. 'ட்வெல்வ் பேக்ஸ் லெஃப்ட் ஓவர்' என்று எழுதிக் கொடுத்தேன். லெஃப்ட் ஓவர் என்றால் கணக்குக்கு மேல் மிச்சம். நான் எழுதியிருக்க வேண்டியது 'லெஃப்ட் பிஹைண்ட்', அதாவது ஏற்றாமல் விட்டுப்போனது. மிச்சம்தானே என்று யாரும் அவற்றை ஏற்றவில்லை. மூட்டைகள் மழையில் நனைந்தன, கப்பல் போய்விட்டது, என் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்று ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை. 'லீவ்' என்பதன் இறந்தகாலம் 'லெஃப்ட்' என்று எனக்கு நன்றாகத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அதன் பின்னால் வரும் சின்ன வார்த்தைதான் பொருளைத் தீர்மானிக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

1965ல் இங்கே தனியார் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு படித்த நான் ஐந்தாம் வகுப்பில்தான் ஏ பி சி பார்த்தேன். வெர்ப் (வினை) ஒரு நாள், அட்வெர்ப் (எப்படி என்று சொல்கிற வார்த்தை) ஒரு நாள், ப்ரெபொசிஷன் (நம் வேற்றுமை உருபு மாதிரி) ஒரு நாள் என்று தனித்தனியாகப் பர்மியில் அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்தோம். மூன்றும் ஒன்றாக வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை ஜெட்டியில் பல வருஷம் அடிபட்டுத்தான் கற்றேன். நீ அவ்வளவு வருஷம் அடிபட வேண்டாம்.

நம் தமிழையே எடுத்துக்கொள். எடுத்தான், எடுத்துக்கொண்டான், எடுத்துவிட்டான், எடுத்துவைத்தான். 'எடு' ஒன்றுதான், பின்னால் ஒட்டுகிற வாலில்தான் விஷயம். இந்த வாலை உனக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. மூன்று வயதில் தம்ளரைக் கவிழ்த்துவிட்டு வந்து, 'பால் கொட்டிடுச்சு' என்றாய். 'கொட்டிட்டேன்' என்று வாயில் வரவில்லை! அவ்வளவு நுணுக்கம் அந்த வயதிலேயே உனக்குத் தெரிந்திருந்தது. பர்மியிலும் அப்படித்தான். 'ப்யன் லா டே' என்றால் திரும்பி வந்தார், 'ப்யன் துவா டே' என்றால் திரும்பிப் போனார். ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வதுதான் அப், அவுட், ஆஃப், டவுன், அவே, பேக் எல்லாம். கேம் பேக், வென்ட் பேக். 'ஏட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டார். அந்த 'அப்' நம் 'விட்டார்'தான்.

ஒரே ஒரு வித்தியாசம், அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள். தமிழில் காலம் வாலில் இருக்கிறது: எடுத்துவிட்டான், எடுத்துவிடுவான். ஆங்கிலத்தில் காலம் தலையில் இருக்கிறது, வால் அசையவே அசையாது. வேக் அப், வோக் அப். த்ரோ அப், த்ரூ அப். அதனால் உன் நோட்டில் 'பாஸ்' என்று தனியாக எழுதி அர்த்தம் போடாதே. 'பாஸ்ட் அவுட்: மயங்கினார்', 'பாஸ்ட் அவே: காலமானார்' என்று தலையும் வாலும் சேர்த்து ஒரே வார்த்தையாக எழுது.

அடுத்தது கொஞ்சம் சிக்கல், எனக்கே ரொம்ப நாள் பிடிபடவில்லை. இதே சின்ன வார்த்தை சில இடத்தில் வினைக்கு வாலாக நிற்கிறது, சில இடத்தில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபாக நிற்கிறது. 'த பட்டன் கேம் ஆஃப் (off)' என்றால் பட்டன் கழன்றுவந்தது. இங்கே ஆஃப் வால். 'ஹி ஃபெல் ஆஃப் த பெட்' என்றால் கட்டிலிலிருந்து விழுந்தார். இங்கே அதே ஆஃப் நம்முடைய 'இலிருந்து'. நாம் கட்டிலுக்குப் பின்னால் ஒட்டுகிறோம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், போனில் நீ படித்துக் காட்டியதில் இருந்த இன்னொரு தப்பும் போய்விடும். 'ஐ பிக்ட் அப் ஹிம்' என்று எழுதியிருந்தாய். 'அப்' வினையின் வால், அதற்கும் 'ஹிம்'முக்கும் உறவில்லை. அதனால் ஹிம் நடுவில் புகுந்துவிடும்: 'ஐ பிக்ட் ஹிம் அப்'. ஆனால் 'ஐ லுக்ட் ஆஃப்டர் ஹிம்' என்பதில் ஆஃப்டர் அவருடைய உருபு, அவர் முன்னால்தான் நிற்கும், நடுவில் யாரையும் விடாது. ஹிம், ஹெர், தெம் வரும்போது இதைப் பார்த்துக்கொள். 'பிக்ட் அப் த பேக்' என்றாலும் 'பிக்ட் த பேக் அப்' என்றாலும் இரண்டும் சரிதான்.

எப்படி என்று சொல்கிற வார்த்தை எங்கே வரும் என்று கேட்டாய். ரங்கூனைச் சுற்றி வரும் சுற்று ரயில் நினைவிருக்கிறதா, நீ சின்னதில் ஜன்னலோரம் உட்கார்ந்து மூன்று மணி நேரமும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பாயே. வாக்கியத்தை ரயில் என்று வைத்துக்கொள், வினைதான் எஞ்சின். தமிழில் எஞ்சின் கடைசியில் நின்று தள்ளுகிறது: 'வராந்தாவின் குறுக்கே மெதுவாக நடந்தார்'. ஆங்கிலத்தில் எஞ்சின் முன்னால் நின்று இழுக்கிறது, பெட்டிகள் அப்படியே திரும்பிவிடுகின்றன: 'வாக்ட் ஸ்லோலி அக்ராஸ் த காரிடார்'. நடந்தார், மெதுவாக, குறுக்கே, வராந்தா. எழுவாயை விட்டுவிட்டுத் தமிழ் வாக்கியத்தைப் பின்னாலிருந்து படித்தால் பெரும்பாலும் ஆங்கில வரிசை கிடைக்கும்.

'டிட் நாட் காட் அப்' என்று எழுதாதே, 'டிட் நாட் கெட் அப்'. 'டிட்' காலத்தை எடுத்துக்கொண்டது, இன்னொரு முறை வேண்டாம். நாமும் எழுந்தார் என்போம், எழவில்லை என்போம். 'எழ' என்பதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? பர்மியில் 'லா டே' என்பது 'மலாபூ' ஆகும்போது 'டே' விழுந்துவிடுகிறதே, அதே கதை.

உன் ரிப்போர்ட்டை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'அட் டென் பாஸ்ட் டூ ஹி வோக் அப், காட் (got) அவுட் ஆஃப் (of) பெட் அண்ட் வாக்ட் ஸ்லோலி டு த பாத்ரூம். ஹி ஹெல்ட் ஆன் டு த டோர் அண்ட் பாஸ்ட் அவுட். ஐ காட் (caught) ஹிம் அண்ட் கால்ட் த நர்ஸ். ஹி கேம் ரவுண்ட் ஆஃப்டர் அ மினிட்.' கேம் ரவுண்ட் என்றால் மயக்கம் தெளிந்தது. டென் பாஸ்ட் டூ என்பதில் வரும் பாஸ்ட் வேறு, பி ஏ எஸ் டி (past). மயக்கத்துக்கு இரண்டு எஸ் போட்டு ஈ டி (passed). காதுக்கு இரண்டும் ஒன்றுதான், எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வாய். 'வாக்ட்' என்பதை வாக்கெட் என்று சொல்லாதே, கடைசியில் ட் மட்டும்தான். 'வான்டட்' மாதிரி, T அல்லது D சத்தத்தில் முடிகிற வினைக்குத்தான் இன்னோர் அசை வரும்.

இன்று ராத்திரி டியூட்டிக்குப் போகும் முன்னால் நான்கு வரி எழுதி, படம் எடுத்து அனுப்பு. பெரியவர்களின் பெயரை மட்டும் கைவிரலால் மறைத்துவிடு, அது வெளியே போகக் கூடாது. நான் விழித்துத்தான் இருப்பேன், உடனே பார்த்துச் சொல்கிறேன். அடுத்த வாரம் சிங்கப்பூர் வருகிற ஒருவரிடம் அம்மா லப்பேயும் (ஊறவைத்த தேயிலை) வறுத்த பூண்டும் கொடுத்தனுப்புகிறாள்.

அன்புடன்,
அப்பா