மார்ட்டின் ஊர்வலத்துக்குக் கை கொடுத்த எல்லாருக்கும்

அன்பான அக்காமாருக்கும் அண்ணைமாருக்கும் அயலவருக்கும்,

ஊர்வலம் முடிந்து இன்றோடு ஆறு நாள். கத்திக் கத்தி அடைத்துப்போன தொண்டை இப்போதுதான் திறந்திருக்கிறது. என் மகள் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுதிய நன்றிக் கடிதம் ஏற்கனவே எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்விட்டது. அதில் ஆளுக்கு இரண்டு வரிதான். உங்களுக்கு இரண்டு வரி காணாது.

வேறு நாடுகளில் இருக்கிற சொந்தங்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் என்பவர் நாலாம் நூற்றாண்டில் ரோமப் படையில் இருந்த இளைஞர். பிரான்ஸின் அமியான் நகர வாசலில் குளிரில் விறைத்துக் கிடந்த ஒரு பிச்சைக்காரனைக் கண்டு, தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தாராம். பிறகு தூர் நகரத்துக்கு ஆயர் ஆனார். 397-இல் நவம்பர் 11 அன்று அவரை அடக்கம் செய்தார்கள். அந்த நாளில்தான் இங்கே ஜெர்மனியில் ரைன் நதிப் பக்கமெல்லாம் பிள்ளைகள் வெளிச்சக்கூடு பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடி நடப்பார்கள். முன்னால் குதிரையில் மார்ட்டின், பின்னால் பேண்ட், முடிவில் பெரிய நெருப்பு, கையில் ஒரு இனிப்புப் பை.

எங்கள் பகுதி ஊர்வலத்தை இருபது வருடங்களுக்கு மேலாக நடத்திவந்த ஐயா ஓகஸ்ட் மாதம் இடுப்பு ஒபரேஷனுக்குப் போனார். பார்க்கப் போன என்னிடம் தடித்த கோப்பு ஒன்றை நீட்டி, "உனக்குத்தான் எல்லாரையும் தெரியும்" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் வாலில் நடந்ததுதான். கோப்பைத் திறந்தால் வீதி அனுமதி, காப்புறுதி, தீயணைப்புத் தொண்டர்கள், குதிரை, 140 பைகள். அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் காலை நான் முதலில் கூப்பிட்டது உங்களைத்தான்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பெற்றோருக்கு முதல் நன்றி. இந்தப் பக்கத்தில் பைக்கான காசை வீடு வீடாகப் போய்த்தான் சேர்ப்பார்கள். மழையில் உண்டியலும் பட்டியலுமாக அலைந்தீர்கள். "முப்பது வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், இந்தக் கதவை இப்போதுதான் முதன்முதலாகத் தட்டினேன்" என்று ஒரு அக்கா சொன்னார். அந்த வீட்டுக்காரி அவரை உள்ளே இருத்திக் கோப்பி கொடுத்து ஒரு மணித்தியாலம் கதைத்தாராம். அன்று அந்த அக்கா முடித்தது மூன்று வீடுதான். பரவாயில்லை.

வல்வெட்டித்துறை அண்ணைக்கு என்ன சொல்வது! வெளிச்சக்கூடு கட்ட எங்களுக்குத் தெரிந்தது, வட்டமான சீஸ் பெட்டியின் அடியும் மூடியும் வைத்து நடுவில் நிறத்தாள் சுற்றுகிற பாலர் பாடசாலை முறை ஒன்றுதான். அண்ணை வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமை மூங்கில் சிம்புகளோடு வந்தார். தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டிய கை அல்லவா! தாளை ஒட்டிய பிறகு வாயில் தண்ணீர் வைத்து "ப்பூ" என்று ஊதி, காயும்போது அது முரசுத் தோல் போல் இறுகுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் யாரும் தூரிகையைத் தொடவில்லை, எல்லாரும் துப்பிக்கொண்டிருந்தார்கள். டொச்சு ரீச்சர் முகத்தைச் சுளித்தார். ஆனால் அவர் கட்டிய நட்சத்திரம்தான் கடைசியில் ஆக இறுக்கமாக இருந்தது. உள்ளே மெழுகுதிரி வைக்கவேண்டும் என்று அண்ணை பிடிவாதம் பிடித்தார். பற்றரி பல்புதான் என்று நான் மறுத்தேன். இன்னும் அவருக்கு என்னில் கோபம்.

தையல் மாமிக்கு அடுத்த நன்றி. பழைய அங்கியைப் பூச்சி தின்றிருந்தது. தன்னுடைய சிவப்புச் சேலை ஒன்றைத் தடித்த துணியோடு சேர்த்து வைத்துத் தைத்து, நடு முதுகில் மேலிருந்து கீழ்வரை வெல்க்ரோ பட்டி போட்டார். வாளை ஓங்கி இறக்கும்போது இழுத்தால் இரண்டாகப் பிரியும். கரை மட்டும் தங்க நிறத்தில் மின்னியது. ரோமப் படைவீரனுக்குச் சரிகைக் கரை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

ஊர்வலத்துக்கு முதல்நாள் மாலை, வருவதாகச் சொன்ன குதிரை நொண்டுகிறது என்று தகவல் வந்தது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் எனக்குத் தலை சுற்றியது. அப்போதுதான் பின்தெருவில் குதிரை வளர்க்கிற பெண், தன் வயதான குதிரையைத் தருகிறேன், தானே ஏறுகிறேன் என்றார். ஒரே ஒரு பிரச்சினை: அது பேண்ட் சத்தம் கேட்டுப் பழகாதது. இரவு எட்டு மணிக்கு நம்முடைய பொடியன்கள் ஏழு பேர் சட்டி மூடிகளோடு லாயத்துக்குப் போய், தூரத்தில் இருந்து மெல்லத் தட்டத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போனார்கள். ஒன்பதரைக்குப் பக்கத்திலேயே நின்று அடித்தார்களாம், அது பாட்டுக்கு வைக்கோல் தின்றதாம். பொடியன்களே, அம்மாமார் மூடிகளைத் தேடுகிறார்கள். என் சமையலறையில் யாருடையதோ நாலு இருக்கிறது.

அதே 11-ஆம் திகதி 11 மணி 11 நிமிடத்துக்குத்தான் கொலோன் பக்கம் வேடம் போட்டுக் கொண்டாடுகிற கார்னிவல் காலமும் தொடங்கும். பேண்டில் மேளம் அடித்தவர் அங்கிருந்து நேரே வந்தார், காதோரம் கோமாளிப் பூச்சு அப்படியே இருந்தது. மார்ட்டின் பாட்டில் ஒரு அடியும் பிசகவில்லை.

இனி, பிச்சைக்காரர். அந்த வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதை ஒளிக்கத் தேவையில்லை. "வெள்ளைக்காரர் குதிரையில் இருக்க, தமிழன் கீழே இருந்து கை நீட்டவோ?" என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது, எனக்கும் பதில் தெரியவில்லை. பேசாமல் இருந்த பெரியண்ணை, "நான் இருக்கிறேன், எனக்கு ஒத்திகை தேவையில்லை" என்றார். அவர் எண்பதுகளில் ஒரு கார்த்திகையில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தவர். காலில் செருப்பு, மேலில் அரைக்கைச் சேர்ட். ஸ்டேஷனில் ஒரு கிழவி தன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாராம். பெயரும் தெரியாது, முகமும் மறந்துவிட்டது, பொத்தான் பெரிது என்பது மட்டும் ஞாபகம் என்று எப்போதோ சொல்லியிருக்கிறார்.

நெருப்புக்குப் பக்கத்தில் அவர் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஈர நிலத்தில் முக்கால் மணித்தியாலம் இருந்தார். குதிரை வந்து நின்றது. பேண்ட் ஓய்ந்தது. 140 பிள்ளைகளும் மூச்சுக் காட்டவில்லை. அந்த அமைதியில் வெல்க்ரோ "கர்ர்ர்" என்று கிழிந்த சத்தம் தேவாலயம் வரை கேட்டிருக்கும். ஒரு சின்னன் மட்டும், "அம்மா, மாமியின்ர சீலையை வெட்டிப்போட்டினம்!" என்று தமிழில் கத்தியது.

திராட்சைக் கண்ணும் வாயில் மண் சுங்கானுமாக 140 வெக்மன் என்கிற மனித உருவப் பணிஸ் சுட்ட பேக்கரிக்கு, வீதியை மறித்து நின்று நெருப்பையும் காவல் காத்த தீயணைப்புத் தொண்டர்களுக்கு, இரண்டு பெட்டி மந்தரின் தோடம்பழத்துக்குக் காசு வாங்க மறுத்த தமிழ்க் கடைக்காரருக்கு, விடிய விடியப் பை கட்டிய அக்காமாருக்கு நன்றி. சக்கர நாற்காலியில் வந்து ஒன்றும் சொல்லாமல் பார்த்திருந்துவிட்டு, போகும்போது "குதிரை நன்று" என்று மட்டும் சொன்ன எங்கள் ஐயாவுக்கும்.

கணக்கு: சேர்ந்த காசில் 38 யூரோ மிச்சம், கோப்புக்குள் கவரில் இருக்கிறது. பெயர் எழுதாத வெளிச்சக்கூடு ஒன்பது என் வீட்டு வாசலில் தொங்குகிறது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முன் வந்து எடுங்கள், இல்லாவிட்டால் நான் கொளுத்திவிடுவேன், வல்வெட்டித்துறை அண்ணை சொன்னபடி மெழுகுதிரி வைத்து.

பெரியண்ணை, நீங்கள் அன்றிரவு உங்கள் பாதியைத் தோளில் போட்டபடியே பஸ் ஏறிப் போய்விட்டீர்கள். மாமி ஒவ்வொரு நாளும் கேட்கிறார். அவசரமில்லை, அடுத்த நவம்பருக்கு முன் தந்தால் போதும்.

அன்புடன்,
கோப்பு இப்போது யாருடைய வீட்டில் இருக்கிறதோ, அவர்